நாடி அல்ல, தாடை

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. நாலு நாளாக என் ஆத்திரம் அடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாய். சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கினாய். கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு தனியார் கிளினிக்கின் தாளை எடுத்துக் காலண்டர் ஆணியில் குத்தினாய். "நாடியில சின்ன ஆபரேஷன்தான்லா அம்மா. ஒரு வாரம் லீவு போட்டா போதும். கல்யாணத்துக்குள்ள எல்லாம் ஆறிடும். வர்ற திங்கக்கிழமை போன் பண்ணி நாள் சொல்லணும்," என்றாய். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடித்து வருகிறேன் என்பது போலச் சொன்னாய். பெரிய டாக்டரம்மா சொன்ன தாடை ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது வேணாம்," என்றாய். அவ்வளவுதான். பெர்ரிப் படகுக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு, அக்கரையில் நீ தங்கியிருக்கிற சிம்பாங் அம்பாட்டுக்குப் போய்விட்டாய். நான் சொல்ல வேண்டியதெல்லாம் பாக்கி நிற்கிறது. எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு வேறு என்ன தெரியும்?

முதலில் அந்த 'நாடி' என்ற சொல்லுக்கு வருகிறேன். எல்லாக் கேடும் அங்கிருந்துதான் தொடங்கியது. நீ மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது உன் அப்பாவின் அக்கா, நம் யாழ்ப்பாணத்து மாமி, உன்னைப் பார்க்க வந்தார். உன்னை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நாடி காணாது," என்றார். நான் பிறந்த வீட்டில் நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கிற நாடி. காணாது என்றால் காணவில்லை. பிள்ளைக்கு நாடித் துடிப்பே இல்லையாம்! மாமி மடியிலிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக் கிளினிக்குக்கு ஓடினேன். நீயோ பசியில் கத்து கத்தென்று கத்திக்கொண்டு வருகிறாய். துடிப்பில்லாத பிள்ளை இப்படிக் கத்துமா என்று எனக்கு உறைக்கவில்லை. டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த மாமி, "ஐயோ பிள்ளை, நாடியெண்டா இது!" என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் பேச்சில் காணாது என்றால் போதாது. உனக்கு மோவாய் சின்னதாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இருபத்தேழு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். "நாடி காணாதவன்" என்பது உனக்குச் செல்லப் பெயராகவே ஆகிவிட்டது. நீ பிடிவாதம் பிடித்து அழும்போது உன் அப்பா மோவாயைப் பிடித்துக் கெஞ்ச வருவார். "பிடிச்சுக் கெஞ்ச நாடியும் இல்லையேடா உனக்கு," என்பார். வீடே சிரிக்கும். ஆனால் அந்தப் பெயர் தப்பு, தம்பி. உனக்குக் குறை மோவாயில் இல்லை. கீழ்த்தாடையே, பல் வரிசையோடு முழுசாகப் பின்னால் நின்றுவிட்டது. மோவாய் வேறு, தாடை வேறு என்று கரும்பலகையில் படம் போட்டு ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. நாடி, நாடி என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் மோவாயை மட்டுமே பார்த்தோம். இப்போது நீயும் அதைத்தான் வெட்டி ஒட்டப் போகிறாய்.

உன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒரு நாளும் ஒன்றை ஒன்று தொட்டதில்லை. மீ கோரெங் நூடுல்ஸைக் கடித்து இழுக்க முடியாமல் கரண்டியால் நறுக்கி நறுக்கித் தின்பாய். கொய்யாப்பழத்தைக் கத்தி இல்லாமல் தொட மாட்டாய். கீழ்ப் பல் மேல் அண்ணத்தில் குத்திக் குத்திப் புண்ணாகி, மாதத்தில் பாதி நாள் குழம்பில் காரம் வேண்டாம் என்பாய். நீ கொட்டாவி விட்டால் காதுக்குக் கீழே தாடை சொடுக்குவது அடுப்படியில் நிற்கிற எனக்குக் கேட்கும். இதில் எதை அந்த ஒரு வார லீவு ஆபரேஷன் சரி பண்ணும்? சொல்லேன், கேட்கிறேன். பிறை ஊர்ப் பேக்டரியில் உன்னோடு வேலை செய்கிற யாரோ ஒருவன் செய்துகொண்டானாம், சினிமாக்காரன் மாதிரி இருக்கிறானாம். இருக்கட்டும். அவன் கரும்பைக் கடித்துத் தின்கிறவன். உன்னால் ஒரு ரொட்டித் துண்டைக் கடிக்க முடிகிறதா?

இந்த அவசரம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று போட்டோ எடுக்க வந்த அந்தப் படக்காரன்! "தம்பி, முகத்தக் கொஞ்சம் முன்னால நீட்டுங்க. கழுத்து எங்க முடியுது, முகம் எங்க தொடங்குதுன்னே தெரியலையே!" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அது போதாதென்று, கிளினிக்குக்கு ஓடிய கதையைச் சம்பந்தி அம்மாவிடம் எடுத்துவிட்டதும் நான்தான். நீ என்ன செய்தாய்? அடுத்த படத்திலிருந்து ஏதோ யோசனையில் இருப்பவன் மாதிரி கையை மோவாயில் வைத்துக்கொண்டு நின்றாய். நேற்று ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் நிற்கிறாய். என்ன கெட்டிக்காரத்தனம் என்று அன்று நினைத்தேன். நேற்று பாதியிலேயே ஆல்பத்தை மூடிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டரம்மா அறையில் நடந்ததற்கு வருகிறேன். அந்த மலாய்க்கார அம்மா எவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னார்! உன் பல்லை அச்செடுத்த வெள்ளைப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது டாகு," என்று தன் மோவாயைத் தொட்டார். "இது ராஹாங்," என்று காதடியிலிருந்து தாடை முழுக்க விரலால் கோடு போட்டார். மோவாய் எலும்பை மட்டும் வெட்டி முன்னால் நகர்த்தினால், பக்கவாட்டில் முகம் நன்றாகத் தெரியும், ஆனால் பல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும் என்றார். பல் ஒழுங்காகச் சேர்கிறவர்களுக்கு, தோற்றம் மட்டும்தான் குறை என்றால், அது நல்ல ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். தாடை என்றால் பெரிய வேலை. முதலில் ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கம்பி. அப்புறம் கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்து முன்னால் கொண்டுவந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஆறு வாரம் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்த ஆறு வாரமும் கஞ்சி, சூப், பால். கீழ் உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலே போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மோவாயை முதலில் செய்துகொண்டு தாடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டாய். அப்படிச் செய்துகொண்டு வந்தால் தனக்கும் சிரமம், உனக்கும் சிரமம், தாடையைச் சரி செய்த பிறகும் மோவாய் போதவில்லை என்றால் அப்போது பார்க்கலாம் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். இவருக்குச் சின்ன வயசில் தாடை வளர்வதற்கு வாயில் போடுகிற பிளேட் ஏதாவது கொடுத்தார்களா? "தாக் அடா, டாக்டர்," என்றேன். இல்லவே இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பல் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா "தாக் அடா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பைலில் எழுதினார். வெளியே வந்ததும் நீ என்னிடம், "டீ குடிக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டாய்.

பிளேட் இருந்தது. உனக்கு அப்போது பதினொரு வயசு. பள்ளிக்கூடத்துக்கு வருகிற பல் நர்ஸ் ஆசிரியர் அறையில் என்னைத் தேடி வந்தாள். "டீச்சர், உங்க மகனுக்குக் கீழ்த்தாடை வளரல. இப்ப வளர்ற வயசு. இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்க முடியாது," என்றாள். அவள் சரியாகத் தாடை என்றுதான் சொன்னாள். அழைத்துப் போய்க் காட்டினோம். மேல் வாய்க்கும் கீழ் வாய்க்கும் சேர்த்து ஒரே துண்டாக ஒரு பிளேட் செய்து கொடுத்தார்கள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலை வரை போட வேண்டும். முதல் இரண்டு வாரம் அழுதாய், எச்சில் வடித்தாய், ஆனாலும் போட்டுக்கொண்டாய். கெடுத்தவள் நான். அந்த வருஷம் பேச்சுப் போட்டிக்கு உன்னைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் பயிற்சி. பிளேட்டோடு பேசினால் 'வாழ்க' என்பது 'வால்க' என்று வந்தது. தமிழ் டீச்சர் மகன் ழகரம் வராமல் மேடை ஏறுவதா? "கழட்டி வைடா, போட்டி முடியட்டும்," என்றேன். கழற்றின பிறகும் நாக்கு பிளேட்டுக்குப் பழகினபடியே மடங்குகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தூங்கும்போதும் வேண்டாம் என்றேன். பள்ளியில் ஜெயித்தாய். மாநிலப் போட்டிக்குப் போனாய், அங்கும் கோப்பை. என்ன ழகரம், என்ன ழகரம் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன்.

எல்லாம் முடிந்து பிளேட்டை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. திரும்ப டாக்டரிடம் போனால் ஏன் போடவில்லை என்று கேட்பார். ஒரு டீச்சரை நிற்க வைத்துக் கேட்பார். அந்த வெட்கத்தில் போகவே இல்லை. நர்ஸ் விசாரித்தபோது, ஒழுங்காகப் போடுகிறான் என்றேன். பிளேட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். உன் அப்பாவிடம், டாக்டரே போதும் என்று சொல்லிவிட்டார் என்றேன். பாவி மனுஷன், சாகிற வரைக்கும் அதை நம்பினார். உன்னிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து டத்தோ கிராமாட்டில் வசந்தி வீட்டுக்குப் போனேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் போனேன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கிறாயா என்று பார்க்கத்தான் போனேன். அவள் சொன்னது இதுதான். "அவருக்குப் பெரிய ஆபரேஷன்தான் நல்லதுன்னு தெரியும் அத்தை. ஆனா அதப் பண்ணா அம்மா ஒடஞ்சு போயிடுவாங்க, பழசெல்லாம் கெளம்பும், வேணாம்னு சொல்றாரு. என்ன பழசுன்னு கேட்டேன். அது எங்க வீட்டு விஷயம்னுட்டாரு." அவள் அம்மாவும் அப்பாவும் கூடத்தில் இருந்தார்கள். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிளேட், பேச்சுப் போட்டி, குப்பைத்தொட்டி, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. வசந்தி, "எனக்கு உங்க மேல கோவம்தான் அத்தை. ரொம்பக் கோவம்," என்றாள். நீ சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள்.

அவள் அப்பாதான் துள்ளினார். "அப்ப கல்யாணம்? கார்டெல்லாம் அடிச்சாச்சேம்மா!" கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகாது, முதல் ஒன்றரை வருஷம் வெறும் கம்பிதான், கத்தி அதற்கப்புறம்தான் என்றேன். "மாப்பிள்ள வாயில கம்பியோடயா மணவறையில உக்காருவாரு? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். "நான்தான அப்பா கட்டிக்கப் போறேன், பாக்கிறவங்களா கட்டிக்கப் போறாங்க? ஆறு வாரம் கஞ்சி காய்ச்சவும் எனக்குத் தெரியும்," என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். மனுஷன் அதற்கப்புறம் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். இப்படி ஒரு பெண்ணிடம்தான் எங்கள் வீட்டு விஷயம் என்று மூடி மறைத்திருக்கிறாய். உன்னை என்ன செய்வது?

நேற்று, புதன்கிழமை, தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அப்பாயின்ட்மென்ட் இல்லை. மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று நான் சொன்னது பொய், பிளேட் கொடுத்தார்கள், போட விடாமல் செய்தவள் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று ஆசைப்பட்டுக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் திட்டவில்லை. பிளேட் போட்டிருந்தாலும் முழுசாகச் சரியாகியிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது, அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பைலில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அவர் பெரிய மனசுக்காரர். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். பிடித்திருக்குமா பிடித்திருக்காதா என்று பார்க்கிற வாய்ப்பையே உனக்கு நான் கொடுக்கவில்லையே!

இப்போது உன் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். என் தப்பை மூடி வைப்பதற்கு உன் எலும்பை அறுத்துக்கொள்ளலாம் என்று உனக்கு யார் சொன்னது? நான் உடைந்து போவேனாம்! உடைந்தால் உடைகிறேன், அது என் பாடு. ஆயுசு முழுக்க அண்ணத்தில் புண்ணோடு நீ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் நான் உடையாமல் இருப்பேனா? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பாசமாகத் தெரியவில்லை. என்னை ஒரு மனுஷியாகவே நீ மதிக்கவில்லை என்றுதான் தெரிகிறது. தப்புச் செய்தவளை நிற்க வைத்துக் கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது. பதினாறு வருஷமாக அதை நீ எடுத்துக்கொள்ளவே இல்லை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாய்.

தாடை ஆபரேஷன்தான் செய்ய வேண்டும் என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உதடு மரத்துப் போகும் என்று உனக்குப் பயமாக இருக்கிறதா? பயமாக இருக்கிறது என்று சொல். நியாயமான பயம்தான், எனக்கும் அது இருக்கிறது. ஒன்றரை வருஷக் கம்பிக்குப் பொறுமை இல்லையா? அதையும் சொல். பல் எப்படியோ போகட்டும், கண்ணாடியில் மோவாய் தெரிந்தால் போதும், அதுதான் உன் ஆசை என்றால் அதையும் என் முகத்துக்கு நேராகச் சொல். ஆணியில் இருக்கிற தாளை நானே எடுத்து உன் கையில் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்கும் கூட வருகிறேன். உன் முகம், உன் முடிவு. ஆனால் அந்த முடிவுக்குள் நான் இருக்கக் கூடாது. என்னை அதிலிருந்து முதலில் வெளியே எடுத்துப் போடு.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வா. வசந்தியையும் வரச் சொல்லியிருக்கிறேன். சமைக்க மாட்டேன், சாப்பாட்டைச் சாக்காக வைத்து நீ பேச்சை மாற்றிவிடுவாய். வந்து நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "ஏம்மா அப்படிப் பண்ணீங்க?" என்று கேள். அக்கம்பக்கத்துக்குக் கேட்டால் கேட்கட்டும், சத்தமாகக் கேள். நான் அழுவேன், அழுதாலும் விடாதே. கேட்டு முடித்துவிட்டு, திங்கட்கிழமை எந்த டாக்டருக்குப் போன் பண்ணுவதென்று முடிவு பண்ணு.

அம்மா